மேகத்தின் உயரத்தை அளக்கப் போய் நான் தொலைத்த ஏழு வாரங்கள்

காய்ந்த துணிகளை எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தபோது என் மகள் கேட்டாள்: "அம்மா, அந்த மேகம் எவ்வளவு உயரத்துல இருக்கு?" எப்போதோ படித்த ஞாபகத்தில், "சுமாரா ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்" என்றேன். "யாரு அளந்தா? எப்படி அளந்தா?" என்று அடுத்த கேள்வி வந்தது. என்னிடம் பதில் இல்லை. நாமே அளந்து பார்க்கலாம் என்று வாய் விட்டுவிட்டேன். அந்த வாரமே அவள் அதைத் தன் பள்ளி அறிவியல் செயல்திட்டத் தலைப்பாகவும் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒப்படைக்க நான்கு வாரம் இருந்தது. எனக்கு எல்லாம் சேர்த்து ஏழு வாரம் ஆனது. அவள் ஒப்படைத்த எண்ணும் தவறானது. அது இன்றும் என் மனதை உறுத்துகிறது. இந்தச் சோதனை சில வரிகளில் சொல்லிவிடக்கூடிய அளவுக்கு எளிது. எங்கே சறுக்கும் என்பதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் தவறு பணத்தில் வந்தது. விமான நிலையங்களில் லேசர் கருவியால் மேக உயரத்தை அளக்கிறார்கள் என்று அறிந்ததும், வீட்டுச் சுவர் அளக்கும் லேசர் மீட்டர் ஒன்றை வாங்கிவிட்டேன். மேகத்தை நோக்கிப் பிடித்தால் திரையில் பிழை என்று மட்டும்தான் வந்தது. விமான நிலையக் கருவி செங்குத்தாக மேலே வலுவான ஒளித் துடிப்புகளை அனுப்பி, மேகத் துளிகளில் பட்டுத் திரும்பும் மிக மங்கலான ஒளியைத் தனிக் கண்ணாடியால் குவித்துப் பிடிக்கிறது. 1500 மீட்டர் உயர மேகத்துக்கு ஒளி போய்த் திரும்ப 10 மைக்ரோ வினாடி ஆகும். அந்த நேரத்தைத்தான் அது அளக்கிறது. வீட்டு மீட்டரின் எல்லையோ சில பத்து மீட்டர், மிஞ்சினால் நூறு மீட்டர் சொச்சம். பிரித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த மாதச் செலவில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. லேசரை வானத்தை நோக்கிக் காட்டவே கூடாது. விமானிகளின் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து, பல நாடுகளில் அது குற்றமும்கூட. இதை வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் கோணமானி. மாடியின் இரண்டு முனைகளில் நானும் மகளும் நின்றுகொண்டு, ஒரே மேக விளிம்பை இருவரும் கோணமானியும் ஈயக்குண்டு கட்டிய நூலும் வைத்துப் பார்த்து, முக்கோணக் கணக்குப் போட்டால் உயரம் வந்துவிடும் என்று நினைத்தோம். இரண்டு வாரம் இதில் போனது. ஒரு நாள் 300 மீட்டர், மறுநாள் 9 கிலோமீட்டர், இன்னொரு நாள் கழித்தல் குறியோடு ஒரு விடை! எங்கள் மாடியின் நீளம் 12 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பொருளை 12 மீட்டர் இடைவெளியிலிருந்து பார்த்தால், இரண்டு கோணங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 0.7 டிகிரிதான். கையில் பிடித்த கோணமானியில் ஒரு டிகிரி தவறுவது சாதாரணம். அதாவது அளக்க வேண்டியதைவிட எங்கள் பிழை பெரியது. உட்கார்ந்து ஐந்து நிமிடம் கணக்குப் போட்டிருந்தால் அந்தப் பதினைந்து நாளும் மிச்சமாகியிருக்கும். முக்கோண முறையில் இறங்குபவர்கள் நிற்கும் இடங்களுக்கு நடுவே சில நூறு மீட்டராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பேசிக்கொண்டே ஒரே நொடியில் படம் எடுங்கள். மேகம் நமக்காகக் காத்திருக்காது.

ஒப்படைக்க ஒன்பது நாள் இருக்கும்போதுதான் டம்ளர் சோதனை கண்ணில் பட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜேம்ஸ் எஸ்பி என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர் சொன்ன கணக்கு இது. தரையில் சூடான காற்று மேலே எழும்பும்போது விரிந்து குளிர்கிறது, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 9.8 டிகிரி செல்சியஸ் வீதம். அந்தக் காற்றில் உள்ள நீராவி துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். உயரம் ஏற ஏற அதுவும் குறையும், ஆனால் கிலோமீட்டருக்கு 1.8 டிகிரி அளவில்தான். ஆக, இரண்டுக்கும் உள்ள இடைவெளி கிலோமீட்டருக்கு 8 டிகிரி வீதம் சுருங்குகிறது. இடைவெளி மறையும் உயரத்தில் மேகம் பிறக்கிறது. 1000 மீட்டரை எட்டால் வகுத்தால் 125. தரையில் காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிப்பகுதி எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கிடைத்துவிடும். பனிநிலையைக் கண்டுபிடிக்க ஒரு டம்ளர் தண்ணீரும் ஐஸும் போதும். டம்ளரின் வெளிச்சுவரில் முதன்முதலாகப் பனி பூக்கும் நொடியில் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்தால் சரி. படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு எளிதாக வானத்தை அளக்க முடியுமா!

அந்தப் பரபரப்பில்தான் எல்லாத் தவறுகளையும் செய்தேன். மருந்துப் பெட்டியில் இருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரை முதலில் எடுத்தேன். அது உடம்புச் சூட்டை மட்டுமே காட்டும், 35 டிகிரிக்குக் கீழே உதவாது. அடுத்து ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரை வைத்து ஐஸைக் கலக்கினேன். அது உடைந்து தண்ணீருக்குள்ளேயே விழுந்தது. உள்ளே இருந்தது சிவப்பு நிறமேற்றிய சாராயம். பாதரசமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. பக்கத்தில் குழந்தை நின்றுகொண்டிருந்தாள். பாதரசத் தெர்மாமீட்டர் இந்தச் சோதனைக்கு வேண்டவே வேண்டாம். கம்பி முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றே போதும், கலக்குவதற்குத் தனியாகக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஒரு வழியாகச் சோதனை நடந்தது. மாடித் தரையில் வெயிலில் வைத்த தெர்மாமீட்டர் 36 டிகிரி காட்டியது. கண்ணாடி டம்ளரில் பனி தெரிந்தபோது தண்ணீர் 19 டிகிரி. வித்தியாசம் 17. உயரம் 2125 மீட்டர். நான் முதல் நாள் சொன்ன இரண்டு கிலோமீட்டரோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. அதனாலேயே அதைச் சந்தேகிக்கவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். எதிர்பார்த்த விடை வந்ததும் சரிபார்ப்பதை நிறுத்திவிட்டேன். என் மகள் அட்டையில் பெரிய எழுத்தில் 2125 என்று எழுதி ஒப்படைத்தாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் மெட்டார் என்ற விமான நிலைய வானிலை அறிக்கையைப் பற்றித் தெரிந்தது. அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை வெளியாகும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அதில் மேகத்தின் அளவைச் சொல்லும் எழுத்துகளை அடுத்து மூன்று இலக்க எண் ஒன்று வரும். அது மேக அடிப்பகுதியின் உயரம், நூறு அடிக் கணக்கில். 018 என்றால் 1800 அடி. நாங்கள் அளந்த அதே நாள், அதே மணிக்குரிய அறிக்கையைத் தேடி எடுத்தேன். 032 என்று இருந்தது. 3200 அடி, அதாவது 975 மீட்டர். எங்கள் விடையில் பாதிகூட இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் மகளிடம் சொன்னேன். அவள் அழவில்லை, "அப்போ எங்க தப்பு?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் நான் அதோடு விட்டிருப்பேன்.

தப்பு எங்கே என்று தேடிய அடுத்த மூன்று வாரம்தான் உருப்படியான நாட்கள். வெயிலில் ஒரு முறை, நிழலில் ஒரு முறை என ஒரே தெர்மாமீட்டரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். வெயிலில் 36.2, நிழலில் 31.8. இந்த 4.4 டிகிரி மட்டுமே 550 மீட்டர் பொய்யைச் சேர்த்துவிடுகிறது. வெயில் படும் தெர்மாமீட்டர் காட்டுவது தன் சொந்தச் சூட்டை, காற்றின் சூட்டை அல்ல. கான்கிரீட் தரையை ஒட்டிய காற்றும் உதவாது. வானிலை நிலையங்களில் தரையிலிருந்து ஏறக்குறைய 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். நாங்கள் ஒரு நாற்காலி மேல் ஸ்டூல் வைத்து, மேலே வெள்ளை அட்டையைக் கூரையாகப் பிடித்தோம். ஐந்து நிமிடம் காத்திருந்து எண் நிலையான பிறகுதான் குறிக்க வேண்டும்.

அடுத்தது டம்ளர். கண்ணாடி வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. உள்ளே தண்ணீர் 19க்கு இறங்கிய பிறகும் வெளிச்சுவர் அதைவிடச் சூடாகவே இருந்திருக்கிறது. ஆகவே பனி தாமதமாகப் பூக்கிறது, பனிநிலை குறைவாகத் தெரிகிறது, மேகம் உயரப் போய்விடுகிறது. காகிதம் உரித்த, பளபளப்பான மெல்லிய தகர டப்பாவை வைத்து அதே நேரத்தில் செய்தபோது 23.1 வந்தது, கண்ணாடியில் 19.2. இந்த வித்தியாசம் மட்டும் 488 மீட்டர். ஐஸை மொத்தமாகப் போட்டதும் இன்னொரு தவறு. தண்ணீர் சரசரவென்று இறங்கும்போது நம் கண் பனியைப் பார்ப்பதற்குள் இரண்டு டிகிரி கடந்துவிடும். டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு சாதாரணத் தண்ணீர் எடுத்து, நொறுக்கிய ஐஸை ஒவ்வொரு கரண்டியாகப் போட்டு, அது கரையும்வரை கலக்கிவிட்டு அடுத்த கரண்டி போடுங்கள். பனி பூத்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு பளிச்சென்று தெரிந்தால் பூத்துவிட்டது. உடனே அந்த எண்ணைக் குறித்துவிட்டு, மிச்ச ஐஸை வெளியே எடுத்துவிட்டு, தண்ணீர் மெல்லச் சூடேற விடுங்கள். பனி மறையும்போது இன்னொரு எண் கிடைக்கும். இரண்டின் சராசரிதான் பனிநிலை. இரண்டுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று பொருள், மறுபடி செய்துவிடுங்கள். முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள். மூச்சுக்காற்றில் உள்ள ஈரமே பனியை முன்கூட்டி வரவழைத்துவிடும். என் மகள் ஆர்வத்தில் குனிந்து குனிந்து பார்த்த நாட்களில் எல்லாம் மேகம் தாழ்ந்துபோனது!

சமையல் நடக்கும் இடத்திலும் ஏசி அறையிலும் செய்யக் கூடாது. ஒன்றில் நீராவி கூடியிருக்கும், மற்றதில் ஏசி ஈரத்தை உறிஞ்சியிருக்கும். எந்தக் காற்று மேலே போய் மேகமாகிறதோ அந்தக் காற்றில்தான் டப்பா இருக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியம் எனக்குப் புரிய ஐந்து வாரம் பிடித்தது. புரிந்த பிறகு மற்ற எல்லாமே தானாக விளங்கின.

தெர்மாமீட்டர் விஷயத்தில் ஒரு நிம்மதியும் உண்டு. காற்றுக்கு ஒன்று, தண்ணீருக்கு வேறொன்று என்று முதலில் வைத்திருந்தோம். இரண்டையும் ஒரே தண்ணீரில் வைத்தபோது 1.5 டிகிரி வித்தியாசம் காட்டின. அதுவே கிட்டத்தட்ட 190 மீட்டர். ஒரே தெர்மாமீட்டரால் இரண்டையும் அளந்தால், அது எப்போதும் ஒரு டிகிரி கூட்டிக் காட்டினாலும் கழிக்கும்போது அந்தப் பிழை அடிபட்டுவிடும். ஈரப்பதமானி வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. நான் அதையும் வாங்கினேன். அது காட்டும் ஒப்பு ஈரப்பதம், அதாவது காற்று நிறைவடையத் தேவையான நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற எண், 100லிருந்து எத்தனை குறைகிறதோ அதை ஐந்தால் வகுத்தால் காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள டிகிரி வித்தியாசம் தோராயமாகக் கிடைக்கும். ஈரப்பதம் 50க்கு மேல் இருந்தால் இது நன்றாகவே பொருந்தும். ஆனால் கருவி சரியாகக் காட்ட வேண்டுமே. ஒரு மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில துளி தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதம் அளவில் நிற்கும். என் கருவி 68 காட்டியது. ஏழு சதவீதம் என்றால் 1.4 டிகிரி, அதாவது 175 மீட்டர். பிழை தெரிந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் ஏழைக் கூட்டிக்கொண்டால் முடிந்தது. பனிநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும் குளிர்ந்த, வறண்ட இடங்களில் இருப்பவர்கள் ஐஸோடு உப்பையும் சேர்க்க வேண்டியிருக்கும். அங்கே டப்பாவில் பூப்பது பனித்துளியாக இருக்காது, உறைபனியாக இருக்கும்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் ஒரு நாள் பெரிய ஏமாற்றம். கணக்கு 1100 மீட்டர் என்றது, அறிக்கையோ 10,000 அடி என்றது. மூன்று கிலோமீட்டர்! அன்று எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்று இருந்தது. காரணம் மேலே நின்ற மேகத்தில் இருந்தது. அது எங்கள் தரைக் காற்றிலிருந்து எழுந்த மேகமே அல்ல, இடைப்பட்ட உயரத்தில் உருவாகும் வேறொரு வகைத் திரள் மேகம். வேறெங்கோ, வேறொரு காற்றடுக்கில் உருவானதைப் பற்றி எங்கள் டப்பாவுக்கு என்ன தெரியும்? மெல்லிய கீற்று மேகங்களுக்கும் இதே கதைதான், வெப்ப மண்டலத்தில் அவை 6 கிலோமீட்டருக்கு மேல்தான் இருக்கும். 1802இல் லூக் ஹோவர்ட் மேகங்களுக்குப் பெயர் வைத்து வகைப்படுத்தியதன் அருமை அன்றுதான் எனக்கு உறைத்தது. கையை நீட்டிப் பிடித்து ஒரு மேக உருண்டையை அளந்து பாருங்கள். முஷ்டி அளவு அல்லது அதைவிடப் பெரிதாக இருந்தால் தாழ்ந்த மேகம். கட்டைவிரல் நகம் அளவு என்றால் இடைப்பட்ட உயரம். சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கினால் மிக உயரம். நம் டப்பாவுக்கு ஏற்றது தாழ்ந்த திரள் மேகம் மட்டும்தான், அதாவது பஞ்சுப் பொதி போல மேலே பொங்கி, அடியில் தட்டையாக வெட்டியது போல இருக்கும் மேகம். அந்தத் தட்டை அடிதான் எஸ்பியின் கணக்கு வானத்தில் தெரியும் இடம். எழும்பும் காற்று எல்லாம் ஒரே உயரத்தில் பனிநிலையைத் தொடுவதால், பல மேகங்களின் அடியும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன.

நேரமும் முக்கியம். அதிகாலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து தேங்கியிருக்கும், மேலே போகாது, அப்போது கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை. மழை பெய்து முடிந்த உடனேயும் வேண்டாம். தட்டை அடி மேகங்கள் தோன்றத் தொடங்கிய பிறகு, முற்பகலிலிருந்து பிற்பகல் நடுவரை அளக்கலாம்.

ஏழாவது வாரம் ஒரு சனிக்கிழமை மூன்று முறை அளந்தோம். காலை 10 மணிக்குக் காற்று 28.5, பனிநிலை 23.5, உயரம் 625 மீட்டர். மதியம் 1 மணிக்கு 32, 23, உயரம் 1125. மூன்று மணிக்கு 33, 22.5, உயரம் 1312. பனிநிலை அவ்வளவாக மாறவில்லை, வெயில் ஏற ஏற மேகத்தின் அடி மட்டும் உயர்ந்துகொண்டே போயிருக்கிறது. அறிக்கையில் அதே நேரங்களுக்கு 020, 035, 042. அடியை மீட்டராக்கினால் 610, 1067, 1280. மூன்றிலும் வித்தியாசம் அறுபது மீட்டருக்குள். அவள் கத்திய கத்தலில் கீழ் வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று மேலே வந்துவிட்டார்கள். ஒப்பிடும்போது மறக்கக் கூடாத ஒன்று: அறிக்கையில் வரும் உயரம் விமான நிலையத் தரையிலிருந்து, நம் கணக்கில் வருவது நாம் நிற்கும் தரையிலிருந்து. உங்கள் இடம் விமான நிலையத்தைவிட 200 மீட்டர் மேட்டில் இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

திங்கட்கிழமை அவள் ஆசிரியரிடம் போய், ஒப்படைத்த எண் தவறு என்று தானே சொல்லி, புதிய தாளைக் கொடுத்தாள். மதிப்பெண் ஏற்கெனவே போட்டாகிவிட்டது, மாறவில்லை. ஆசிரியர் தாளை வாங்கி அட்டையில் பின் செய்துகொண்டார்.

இப்போதும் வாரம் ஒருமுறை அளக்கிறோம். நோட்டில் தேதி, மணி, நிழலில் காற்றின் வெப்பநிலை, பனி பூத்த எண், மறைந்த எண், மேக வகை, முஷ்டியா நகமா, அறிக்கையில் இருந்த எண் என்று எட்டுக் கட்டங்கள். மேக வகைக் கட்டத்தில் திரள் மேகம் என்று எழுத முடியாத நாட்களில் ஐஸை வெளியே எடுப்பதே இல்லை.